சீதன வீடும் ஒரு கை மணலும்

தம்பி,

இதையெல்லாம் நேரில் சொல்லியிருப்பேன். சொன்னால் நீ போனைப் பார்த்துக்கொண்டு "ம்" கொட்டுவாய், பாதியில் "சரியம்மா, விளங்குது" என்பாய், ஒன்றும் விளங்கியிருக்காது. கடிதத்தை இடையில் மறிக்க உன்னால் ஏலாது. அதனால் தையல் மெஷினை மூடிவிட்டு, அதன் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன். நீ கட்டப்போகிற தர்மினியிடம்தான் கொடுத்துவிடப்போகிறேன். அவள் காலையில் வேலைக்குக் குச்சவெளிக் கந்தோரடியில் இறங்கும்போது, புல்மோட்டையில் உன் வேலையிடத்தில் சேர்க்கச் சொல்லி பஸ் கண்டக்டரின் கையில் கொடுப்பாள். உறையை ஒட்டவில்லை. அவளும் படிக்கட்டும். கண்டக்டர் படித்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை, அவர் வீட்டிலும் கலியாண வயதில் பிள்ளைகள் இருக்கக்கூடும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை நீ சோற்றில் கை வைக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டாய். நண்டுக் கறி. நண்டுக் கறியை விட்டுவிட்டுப் போகிற பிள்ளையை நான் பெறவில்லை, ஆகவே விசயம் பெரிதுதான் என்று விளங்கிக்கொண்டேன். "தர்மினியின்ட அப்பா எங்களுக்கு வீடு கட்டத் தன்ட மீன்பிடிப் போட்டை விக்கப்போறாராம். நான் வீடே கேக்கேல்லை. வாடகைக்கு இருக்கிறம் எண்டால் முகத்தைத் திருப்பிறார். உங்கட வழக்கமும் நீங்களும்!" என்று கத்திவிட்டுப் போனாய். அடுத்த சனியும் நீ வரவில்லை, வேலைமுறை மாறிவிட்டது என்றாய். சரி, நம்பிவிட்டேன் என்று வைத்துக்கொள். நீ வராத இந்த நாட்களில் இங்கே சில காரியங்கள் நடந்துவிட்டன. இந்தச் சனிக்கிழமை நீ வந்து படலையைத் திறந்ததும் உன் கண்ணில் படப்போவதைப் பற்றி முதலே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அங்கேயே நின்று கத்துவாய்.

முதலில் அந்த வழக்கத்தைப் பற்றி. எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் வெளிக்கிட்டுப் போகிறவன் மாப்பிள்ளைதான். வீடு பெண்ணுக்கு. பெண்ணைப் பெற்றவர்கள் முன்வீட்டைப் பிள்ளைக்கு விட்டுப் பின்வளவில் ஒரு அறை போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். இந்த வழக்கத்தால் முதுகு முறிந்த தகப்பன்மாரை நான் கண்டிருக்கிறேன், அதை நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் இன்னொன்றையும் கண்டிருக்கிறேன். கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் இந்த ஊர்ப் பெண்களுக்கு பிளவுஸ் தைக்கிறவள் நான். அளவெடுக்க நிற்கும்போது பெண்கள் மனதில் கிடப்பதையெல்லாம் சொல்லுவார்கள், டாக்டருக்குக்கூட அவ்வளவு சொல்லமாட்டார்கள். குடித்துவிட்டு வந்து அடித்தவனைக் கதவுக்கு வெளியே தள்ளி, "இது என்ட அம்மா தந்த வீடு, நீ போ" என்று சொன்ன பெண்ணுக்கு நான் பிளவுஸ் தைத்திருக்கிறேன். அப்படிச் சொல்ல ஒரு கதவு இல்லாமல் போனவர்களுக்கும் தைத்திருக்கிறேன். அதனால் வழக்கத்தை ஏசிவிட்டுப் போவது லேசு தம்பி, அதற்குள் எது நல்லது என்று பொறுக்கி எடுப்பதுதான் கஷ்டம்.

நீ பிறந்து வளர்ந்த இந்த உள்துறைமுக ஒழுங்கை வீடும் அப்படி என் கைக்கு வந்ததுதான். உன் அப்பா தம்பலகாமத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. இங்கே கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் கிடைத்து, என்னைக் கட்டிக்கொண்டு, ஒரு சூட்கேசும் ஒரு சட்டி எருமைத் தயிருமாக இந்த வீட்டுக்கு வந்தார். வந்த மனிதர் அலுமாரியைத் திறக்கவே இல்லை. சட்டையெல்லாம் சூட்கேசுக்குள்ளேயே கிடந்தது. கேட்டால், "இல்லை, இது உங்கட வீடுதானே" என்பார். சுவரில் ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்கும் என் முகத்தைப் பார்ப்பார். எனக்கு எரிச்சல் தாங்காது. ஒருநாள் அவர் கச்சேரிக்குப் போனபிறகு சூட்கேசைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன், சட்டைகளை அலுமாரியில் அடுக்கிவிட்டேன். பின்னேரம் வந்து அலுமாரியைத் திறந்து பார்த்தார். "அப்ப நான் இனித் தம்பலகாமம் போறதெண்டால் எதிலை உடுப்புக் கொண்டுபோறது?" என்று கேட்டார். "ஷொப்பிங் பையில" என்றேன். அன்றைக்குத்தான் எங்கள் குடித்தனம் தொடங்கியது என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மனைவி வீட்டில் இருப்பது ஆம்பிளைக்குக் கொஞ்சம் கூச்சமான காரியம். அந்தக் கூச்சம் நல்லது. அது இருக்கிற வீட்டில் சத்தம் குறைவு.

தர்மினியின் ஆட்கள் வேறு விதம். சல்லிக் கிராமத்தில் கடலுக்கு முகம் காட்டிய வளவு. அவளின் அப்பாவின் வீடு ஒருமுறை சண்டையில் போனது, ஒருமுறை கடல் கொண்டுபோனது. இரண்டு முறையும் வெறும் மணலில் நின்று மறுபடி கட்டிய மனிதர். மூத்த பெண்கள் இரண்டு பேருக்கும் வீடு கொடுத்துவிட்டார். கடைசி இவள். நீ அவளைச் சாம்பல்தீவுச் சந்தியில் பஸ் ஏறும்போது கண்டு, பிறகு ஒவ்வொரு திங்களும் அவளுக்கு ஒரு சீற் பிடித்து, அந்த சீற்றில் பையை வைத்து வயசானவர்களிடம் ஏச்சு வாங்கிய கதையெல்லாம் எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை, அந்தப் பிள்ளைதான் சிரித்துச் சிரித்துச் சொன்னது. உன் மாமி, அதுதான் அப்பாவின் தங்கச்சி, "கடற்கரை ஆக்களெண்டால்..." என்று இழுத்தபோது, "மீன் மட்டும் வேணும், பிடிக்கிற கை வேண்டாமோ?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் கதை எடுக்கவில்லை.

ஆனாலும் இரண்டு வீடும் ஒன்றையொன்று படித்து முடிக்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! அவர்கள் முதல் தரம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மீன்கார வீட்டுச் சனம், மீன் தின்று அலுத்திருக்கும் என்று நான் கருதி, வடை பாயாசத்தோடு முழுச் சைவமாய்ச் சமைத்தேன். அவர்கள் வரும்போது தோளில் ஒரு பெரிய பாரை மீனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதைக் குசினியில் வைத்துவிட்டு எல்லாரும் கத்தரிக்காய்ப் பால்கறி தின்றோம். நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, தம்பலகாமத்து ஆட்கள் கோயில் தொண்டு செய்கிற பரம்பரை, மீன் மச்சம் தொடமாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி அவர்கள் பருப்பும் பூசணியுமாய் இலையை நிரப்பிவிட்டார்கள். வழியெல்லாம் "சல்லி மீன், சல்லி மீன்" என்று சொல்லிக்கொண்டு வந்த உன் அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தர்மினியின் அம்மாதான் கண்டுபிடித்தா. "அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ, நீங்கள் மீன் சாப்பிடுவீங்களோ?" என்று கேட்டா. இவர், "ஓம்" என்றார். அந்த ஒரு ஓமில் எவ்வளவு சோகம்! வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நீயும் சிரித்தாய்.

சிரித்ததோடு வந்திருக்கலாம். சாப்பிட்டு முடிந்து நாங்கள் கை கழுவ வெளியே போனபோதுதான் வினை நடந்தது. எங்களில் ஒருவருக்கும் அது வினை என்று அப்போது தெரியாது.

உன் அப்பாவுக்கு மண் பைத்தியம் என்பது உனக்குத் தெரியும். கச்சேரியில் எத்தனை வருசம் கதிரையில் இருந்தாலும் ஆள் இன்னும் வயலை விட்டு வரவில்லை. இங்கே எங்கள் வளவில் அவர் எதை நட்டாலும் மான் வந்து தின்றுவிட்டுப் போகும். செவ்வரத்தையும் மிஞ்சாது, பயிற்றங்கொடியும் மிஞ்சாது. திருகோணமலை மானுக்கு வேலி ஒரு பொருட்டா? அதனால் வெளியிடத்தில் எங்கே வெறுங்காணி கண்டாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும். அன்றைக்கு அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கிடந்த வெறும் வளவுக்குள் இறங்கினார். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நடந்தார். குனிந்து ஒரு கை மணலை அள்ளினார், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார், மணந்து பார்த்தார். "நல்ல வளவு. வீணாய்க் கிடக்குது" என்று சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான். தர்மினியின் அப்பா துவாயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.

நீ கோபித்துக்கொண்டு போன ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய் அந்தப் பிள்ளை கந்தோர் முடிந்து நேரே என்னிடம் வந்தது. கலியாண பிளவுசுக்கு அளவு கொடுக்க வந்தேன் என்றது. நானும் நாடாவை எடுத்துக்கொண்டு நின்றால், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "மூச்சை விடு பிள்ளை, இப்பிடி நிண்டால் தாலி கட்டேக்க கொக்கி பறக்கும்" என்றேன். விட்டாள். மூச்சோடு அழுகையும் வந்துவிட்டது.

"மாமி, அப்பா போட்டுக்கு ஆள் பேசிட்டார். வாடைக்காத்து முடிஞ்சு கடல் அடங்கிறதுக்குள்ள குடுக்கப்போறார். அதுக்குப் பிறகு அவர் வேற ஆக்களின்ட போட்டில கூலிக்குத்தான் போகோணும். அவர் அப்பிடி ஒருநாளும் போனதில்லை மாமி."

"நாங்கள் வீடு கேக்கேல்லையே பிள்ளை? தம்பியும் வேண்டாமெண்டுதானே சொல்லிறான்?"

"நீங்கள் வாயால கேக்கேல்லை. மாமா வளவைச் சுத்திப் பாத்து, மண்ணை அள்ளிப் பாத்து, வீணாய்க் கிடக்குதெண்டு சொன்னவரெல்லே. மாப்பிள்ளையின்ட தகப்பன் வளவு பாத்திட்டுப் போட்டார், இனி நான் பேசாமல் இருந்தால் மரியாதையில்லை எண்டு அப்பா சொல்லிறார்."

பெண்ணைப் பெற்ற ஒரு மனிதர் வேறு எப்படி நினைப்பார்? எங்கள் ஊரில் மாப்பிள்ளையின் தகப்பன் பெண் வீட்டு வளவுக்குள் இறங்கி மண்ணைத் தொட்டால் அதற்கு ஒரே ஒரு கருத்துத்தான். "நீங்கள் வேண்டாமெண்டு சொன்னாலும் அப்பாக்கு அவமானம்தான் மாமி, ஏலாதவனெண்டு நினைச்சிட்டினமெண்டு நினைப்பார். சொல்லாட்டிப் போட் போயிடும்" என்றாள் தர்மினி. அளவு நாடா அவள் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தன்னுடைய கலியாணத்தால் தகப்பன் கரையில் நிற்கவேண்டி வருமென்றால் அந்தக் கலியாணத்தில் அவளால் எப்படிச் சிரிக்க முடியும்? நீ அவளுக்கு சீற் பிடித்துக் கொடுத்தது பெரிதில்லை, இதைக் கேட்டு நடப்பதுதான் பெரிது என்று அப்போதே நினைத்தேன்.

உன் அப்பாவிடம் சொன்னேன். மனிதர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, நான் கச்சான் கடலை நடுறதை நினைச்செல்லே சொன்னனான்! அந்த மணலுக்குக் கச்சான் என்னமாதிரி வரும் தெரியுமே?" என்றார். "உங்கட கச்சானால ஒரு மனுசன்ட போட் போகப்போகுது" என்றேன். அன்றைக்கு இராச்சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. போய்ச் சொல்லிவிடுவோம், கச்சான் என்று சொல்லிவிடுவோம் என்றார். சொல்லலாம்தான். ஆனால் சம்பந்தி நம்பவேண்டுமே. தன்னிடம் இல்லை என்று தெரிந்து நாங்கள் கதையை மாற்றுகிறோம் என்றுதான் எண்ணுவார். அப்படி எண்ணிய மனிதர் போட்டை இன்னும் விரைவாக விற்பார்.

நான் குசினியில் நின்று யோசித்தேன். எனக்குப் பெண்பிள்ளை இல்லை. நீ ஒருத்தன். என் அம்மா எனக்குத் தந்த வீடு, அவவுக்கு அவவின் அம்மா தந்த காணி. இது இதுவரைக்கும் ஒரு ஆம்பிளையின் பேரில் இருந்ததே இல்லை. எனக்குப் பிறகு யாருக்கு என்று நான் இத்தனை வருசம் நினைக்காமலேயே இருந்திருக்கிறேன், நினைத்தால் மகள் இல்லாத துக்கம் வரும் என்று தள்ளிப் போட்டிருக்கிறேன். அங்கே ஒரு தகப்பன் மகளுக்கு வீடு இல்லை என்று போட்டை விற்கிறார். இங்கே ஒரு வீடு மகள் இல்லாமல் இருக்கிறது. எனக்கே வெட்கமாய்ப் போய்விட்டது, இவ்வளவு லேசான விசயம் இவ்வளவு நேரம் பிடித்ததே என்று. அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப நாங்கள்?" என்று கேட்டார். "பின்வளவுக்கு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அலுமாரியைக் கொண்டுபோகலாமோ?" என்றார். அதுதான் அவரின் சம்மதம்.

வியாழக்கிழமை ஒரு ஓட்டோ பிடித்துச் சல்லிக்குப் போனோம். போட் கரையில் ஏற்றிக் கிடந்தது, கடல் இன்னும் முரடாய்த்தான் இருந்தது. சம்பந்தி எழும்பிக் கதிரை தந்தார். குடிக்கப் பிளேன் ரீ வந்தது. நான் சுற்றி வளைக்காமல் தொடங்கிவிட்டேன்.

"அண்ணை, எனக்கொரு மகள் இல்லை. என்ட சீதன வீட்டை ஆருக்குக் குடுக்கிறதெண்டு தெரியாமல் இருக்கிறன். உங்கட பிள்ளையின்ட பேரில எழுதப்போறன். கேக்க வரேல்லை, சொல்ல வந்தனான்."

அவர் முகம் கறுத்துவிட்டது. "என்ன கதை கதைக்கிறியள்? மாப்பிள்ளை வீட்டில கொண்டுபோய்ப் பிள்ளையை விட்டிட்டு நான் இஞ்ச தலை நிமிந்து நடக்கிறதோ? மூத்ததுகள் ரெண்டுக்கும் குடுத்தனான். கடைசிக்குக் குடுக்க வக்கில்லாமல் போட்டானெண்டு சனம் சொல்லும்."

"மாப்பிள்ளை வீடெண்டு ஆர் சொன்னது? அந்த வீட்டில என்ட மகனுக்கு ஒரு ஓடும் இல்லை. இந்தா இருக்கிறாரே, இவருக்கும் இல்லை. இவரும் வந்த மாப்பிள்ளைதான். அது பொம்பிளையளின்ட வீடு. எனக்குப் பிறகு ஒரு பொம்பிளைக்குப் போகுது, அவ்வளவுதான். என்ட மகன் உங்கட மகளின்ட வீட்டுக்குத்தான் வரப்போறான்."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தர்மினியின் அம்மா வாசலில் நின்று முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தா. அவர் திரும்பி, மெதுவாய்க் கேட்டார்: "அப்ப தகப்பனெண்டு நான் என்ன குடுக்கிறது?"

தம்பி, நான் வழியெல்லாம் ஓட்டோவுக்குள் எத்தனை வசனம் பேசிப் பார்த்துக்கொண்டு போனேன் தெரியுமா? இந்தக் கேள்வி அதில் இல்லை. "ஒண்டும் வேண்டாம்" என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவ்வளவுதான், அந்த மனிதரை நாங்களே கொன்றிருப்போம். கொடுக்க வேண்டும் என்று நிற்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்வதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை. இதை நீ கேட்டுக்கொள், வாடகை வீடு என்று நீ நல்ல மனதோடுதான் சொன்னாய், அது அவருக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அப்போது, போனது தொடக்கம் கையை முழங்காலுக்கு நடுவில் ஒளித்து வைத்துக்கொண்டிருந்த உன் அப்பா வாயைத் திறந்தார்.

"சம்பந்தி, எங்களுக்கு இருக்க இடமில்லை."

அவர் விளங்காமல் பார்த்தார்.

"முன்வீடு பிள்ளையளுக்குப் போகுது. பின்வளவு சும்மா கிடக்கு. நானும் இவளும் எங்க போறது? ஒரு அறையும் ஒரு சின்னக் குசினியும் போட்டுத் தாங்கோ. பொம்பிளையின்ட தாய் தகப்பனுக்கு வழக்கமாய்ப் போடுறதுதானே. இந்த முறை எங்களுக்குப் போடுங்கோ."

நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இத்தனை வருசம் குடித்தனம் நடத்தியும் இந்த மனிதருக்குள் இப்படி ஒரு மூளை இருப்பது எனக்குத் தெரியாது. சம்பந்தி துவாயால் முகத்தைத் துடைத்தார். கண்ணையும் சேர்த்துத் துடைத்தாரோ தெரியாது. பிறகு கேட்டார், "வாசல் எந்தப் பக்கம் வைக்கிறது?" கேட்டதும் தர்மினியின் அம்மா உள்ளே ஓடிவிட்டா. கொஞ்ச நேரத்தில் மீன் பொரிக்கிற வாசம் வந்தது. உன் அப்பாவின் முகத்தைப் பற்றி இனி நான் எழுதத் தேவையில்லை.

வரும்போது இவர் கச்சானைப் பற்றியும் சொல்லிவிட்டார். சம்பந்தி நம்பினாரோ இல்லையோ, விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப போடுங்கோவன், வளவு கிடக்குத்தானே" என்றார். போட்டுக்கு ஆள் பேசியவனுக்குப் போன் எடுத்து, "இல்லைத் தம்பி, நான் குடுக்கேல்லை" என்று எங்கள் முன்னாலேயே சொன்னார். தர்மினி உனக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டாள். நான்தான் சொல்லவேண்டாம், நான் எழுதுகிறேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன்.

ஆகவே சனிக்கிழமை நீ வரும்போது பின்வளவில் அத்திவாரம் எழும்பி நிற்கும். இரண்டாவது மகளின் வீட்டுக்குக் கட்டும்போது மிஞ்சிய கல்லையெல்லாம் லான்ட்மாஸ்டர் உழவு மெஷினில் ஏற்றிக்கொண்டு, மூத்த மருமகன்மார் இரண்டு பேரோடும் அவரே வந்து வேலை செய்கிறார். வாடைக்குக் கடலுக்குப் போகாத நாளில் சும்மாதானே இருக்கிறோம் என்கிறார். அவருக்கும் உன் அப்பாவுக்கும் ஒரே சண்டை. அத்திவாரத்தை இடுப்பளவுக்கு உயர்த்தவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கிறார். "இஞ்ச ஏன் இவ்வளவு உயரம்?" என்று இவர் கேட்டால், "தண்ணி வந்தால்?" என்கிறார். கடல் வந்த அன்று இரண்டு கையாலும் மகள்மாரைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதர். உயர்த்துங்கோ என்று விட்டுவிட்டோம். என் முழங்காலுக்குத்தான் படி கூடிவிட்டது.

இனி உனக்குச் சொல்லவேண்டியது. வீடு தர்மினியின் பேரில் மட்டும்தான். உன் பேர் அதில் இல்லை. ஒரே பிள்ளை, எப்படியும் எனக்குத்தானே என்று நீ மனதின் ஒரு மூலையில் வைத்திருந்திருப்பாய், அது குற்றமில்லை. கொஞ்சம் வலித்தால் வலிக்கட்டும். உன் பெரிய மாமா போன் எடுத்து, "நாளைக்கு அவள் உன்னை வெளிய போ எண்டால் என்ன செய்வாய்?" என்று என்னைக் கேட்டார். "அப்பிடிச் சொல்லிற அளவுக்கு நான் நடந்திருந்தால் போகத்தான் வேணும்" என்றேன். உனக்கும் அதுதான். அவள் சொல்லமாட்டாள். ஆனால் சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு காலையில் எழும்பு, குரலை உயர்த்த வாய் வரும்போது ஒரு மிடறு தண்ணீர் குடி. அவள் சல்லிக்குப் போய் ஒரு கிழமை நின்றால் முகத்தைத் தொங்கப்போடாதே. கடல் இரையாத வீட்டில் நித்திரை வராது என்று சொல்கிறவள் அவள்; எங்கள் துறைமுகத்துத் தண்ணீர் குளம் மாதிரிச் சத்தமே போடாது. இங்கே கப்பல் ஊதுவதுதான் கேட்கும். அவளுக்குப் பழக நாள் எடுக்கும். அவள் மீன் வெட்டும்போது பக்கத்தில் நின்று செதில் உரசிக்கொடு. குசினியில் என் சாமான் எதையாவது இடம் மாற்றினால் நான் முறுமுறுப்பேன், அப்போது நீ அவள் பக்கம் நில், என் பக்கம் நிற்காதே. என் பக்கம் நிற்க அப்பா இருக்கிறார்.

எனக்குத் துக்கமே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். முன்னறைச் சன்னலைத் திறந்தால் துறைமுகத்து வெளிச்சமெல்லாம் தெரியும், அந்த அறைக் கட்டிலில்தான் நீ பிறந்ததும் உன்னைக் கொண்டுவந்து கிடத்தினேன். போன கிழமை அந்த அறையைக் கூட்டும்போது விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்று அழுதேன். அழுதுவிட்டுக் கூட்டி முடித்தேன். கூட்டி முடித்தபோது மனம் லேசாகத்தான் இருந்தது. தர்மினி அந்தச் சன்னலுக்கு எந்தத் துணியில் திரை தைக்கலாம் என்று என்னைக் கேட்டிருக்கிறாள், நான் மூன்று துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு காரியம் இருக்கிறது, அதற்கு நீ இப்போதே மனதைத் தயார் பண்ணு. ஆவணியில் கலியாணம் பெண் வீட்டில்தான் நடக்கும். பெண் வீடு இதுதான். ஆகவே கலியாணத்துக்கு முதல் நாளே நீ, நான், அப்பா மூன்று பேரும் இந்த வீட்டை விட்டுத் தம்பலகாமம் பெரியப்பா வீட்டுக்குப் போய்விட வேண்டும். வீட்டைப் பூட்டித் திறப்பைத் தர்மினியின் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். அடுத்த நாள் மேளத்தோடு வந்து இந்த ஒழுங்கையில் இறங்குவோம். உனக்கு உள்ளே ஓடிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரவேண்டும் போல இருக்கும், எனக்குக் குசினியில் அடுப்பை ஒருக்கால் பார்க்கவேண்டும் போல இருக்கும். போகக்கூடாது. சம்பந்தி படலையடியில் புது வேட்டியோடு, தன் மகளின் வீட்டு வாசலில் நிற்பார். அவர் "வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்று வாய் நிறையச் சொல்லவேண்டும். சல்லிச் சனம் முழுவதும் அதைக் கேட்கவேண்டும். அவருக்கு அந்தச் சொல் வர எவ்வளவு நேரம் எடுத்தாலும் எடுக்கட்டும், நான் வெயிலில் நிற்பேன். நீயும் என் கையைப் பிடித்துக்கொண்டு நில்.

அம்மா